ஒருமுறை மட்டும் போட்டுக் காட்டிய குரல்

பெற்ற தாயின் குரலை அவள் பிள்ளையின் காதில் விழவிடாமல் பத்து மாதம் மறைத்து வைத்தவன் நான். அந்தத் தாய் வேறு யாருமல்ல... என் கூடப்பிறந்த தங்கை.

இதை என் மனைவியிடமும் நானாகச் சொன்னதில்லை. முகம் தெரியாத உங்களிடம் சொல்கிறேன். தெரிந்தவர்களின் முகத்தைப் பார்த்துச் சொல்லும் துணிச்சல் எனக்குக் கிடையாது. காறித் துப்ப வேண்டுமென்று தோன்றினால் துப்புங்கள். ஆனால் பாதியில் எழுந்து போய்விடாதீர்கள்.

போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் ஜீப் ஓட்டுகிறேன். காலையில் போடிக்கு இறங்கி வேலையாட்களை ஏற்றி வருவதும், சாயங்காலம் கொண்டுபோய் இறக்கிவிடுவதும் என் வேலை. குடியிருப்பது தோட்டத்திலேயே. ஒரே மகளைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்த பிறகு, நானும் என் மனைவி பாண்டியம்மாவும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்த வீட்டுக்குத்தான் கைக்குழந்தையாக இனியா வந்தாள். என் தங்கை ஈஸ்வரி துபாயில் செவிலியர். அவள் கணவனுக்கும் அங்கேதான் வேலை. பிரசவத்துக்கு வந்தவள், குழந்தைக்கு ஒன்பது மாதம் ஆனபோது திரும்பியாக வேண்டியிருந்தது. குடும்ப விசா கிடைத்ததும் அழைத்துக்கொள்வதாகச் சொல்லி, குழந்தையை என் கையில் கொடுத்தாள். நான் பிள்ளையைப் பாண்டியம்மாவிடம் விட்டுவிட்டு வண்டியை எடுத்தேன். ஜீப்பில் ஏறியவள் போடி வரைக்கும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் இறங்கிவிடுவாள் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

முதல் மூன்று மாதம் நான் ஒழுங்காகத்தான் இருந்தேன்! எங்கள் வீட்டில் டவர் கிடைக்காது. ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்குப் பின்னால் ஒரு பாறை உண்டு. அதன் மேல் ஏறி நின்றால் கொஞ்சம் கிடைக்கும். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இனியாவை இடுப்பில் வைத்துக்கொண்டு பாறையில் ஏறுவேன். ஈஸ்வரி போனில் முகத்தைக் காட்டுவாள். குழந்தை கண்ணாடியை நக்கி நக்கி முத்தம் கொடுக்கும்.

ஒரு ஞாயிறு, பேச்சின் நடுவில் இணைப்பு அறுந்துபோனது. நான் இனியாவைச் சமாதானப்படுத்த என் முகத்தை அருகில் கொண்டுபோனேன். அவள் என் கன்னத்தில் உள்ளங்கையை வைத்துத் தள்ளினாள். யாரோ ஒருவனைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். பொழுது சாயும்வரை "அம்மா, அம்மா" என்று கத்தித் தீர்த்தாள்.

எனக்கு வயிறு எரிந்தது. ஆமாம்... ஒரு வயதுப் பிள்ளையின் மேல், நாற்பத்தெட்டு வயதுக்காரனுக்கு! இரவெல்லாம் தோளில் போட்டு நடப்பவன் நான், காய்ச்சலுக்கு ஜீப்பை விரட்டிக்கொண்டு போடிக்கு ஓடுபவன் நான், கண்ணாடிக்குள் வந்து சிரித்துவிட்டுப் போகிறவளுக்கா அந்த அழுகை? இப்படித்தான் நினைத்தேன். வெட்கமாக இல்லையா என்கிறீர்களா? இருக்கிறது. அன்றைக்கு இல்லை.

அடுத்த வாரம் போடியில் இருக்கும்போது ஈஸ்வரி அழைத்தாள். பாறையிலும் இப்போது டவர் எடுப்பதில்லை என்று வாய் கூசாமல் சொன்னேன்.

"புள்ள என் மொகத்த மறந்துருவாளாண்ணே?" என்று கேட்டாள்.

"நாந்தே இருக்கேன்ல ஆத்தா, மறக்க விட்ருவனா?" என்றேன்.

இதில் கூத்தைக் கேளுங்கள். அதற்குப் பிறகு ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஸ்டோருக்கு எதிரிலேயே புது டவர் நட்டுவிட்டார்கள். வீட்டு அடுப்படியில் நின்றாலே போன் பேசலாம். தோட்டமே கொண்டாடியது. நான் தங்கையிடம் மூச்சு விடவில்லை. வீட்டில் இருந்தது ஒரே போன். அதுவும் என் சட்டைப்பையில். மலையேறுவதற்கு முன் இணையத்தை அணைத்துவிடுவேன். ஈசுவுக்கு டூட்டியை மாற்றி மாற்றிப் போடுகிறார்களாம், பேச நேரமில்லையாம் என்று பாண்டியம்மாவிடம் சொன்னேன். பாவம் அந்தப் பிள்ளை என்று அவள் உச்சுக்கொட்டினாள்.

முகம்தானே போகவில்லை, குரலாவது போகட்டும் என்று ஈஸ்வரி பேசிப் பேசிப் பதிந்து அனுப்ப ஆரம்பித்தாள். அண்ணன் போடியில் இருக்கும்போது போனில் இறங்கிவிடும், மேலே போய்ப் பிள்ளைக்குப் போட்டுக் காட்டுவான் என்று நம்பினாள். வேலைக்குப் போகும் பேருந்தில் பேசுவாள், குளியலறையில் நின்று பேசுவாள், பேச ஒன்றுமில்லாத நாளில் சும்மா தாலாட்டு மாதிரி முனகுவாள். போடியில் ஜீப்பை நிறுத்திவிட்டு அத்தனையையும் நான் கேட்டேன்... நான் மட்டும் கேட்டேன். பிள்ளைக்கு ஒன்றைக்கூடப் போடவில்லை.

பத்து மாதம்! அவள் வயிற்றில் சுமந்த அதே பத்து மாதம்.

அம்மா என்ற சொல்லை இனியா மறந்துபோனாள். அவளுக்கு உலகத்தில் இரண்டே பேர்... மாமாவும் அத்தையும். என் உச்சி குளிர்ந்தது.

பிறகு விசா வந்தது. ஈஸ்வரிக்கும் அவள் கணவனுக்கும் விடுப்பு இல்லை. பாண்டியம்மாவுக்குப் பாஸ்போர்ட் இல்லை. என்னிடம் இருந்தது, ஒரு காலத்தில் துபாயில் லாரி ஓட்டப் போகிறேன் என்று எடுத்து வைத்தது. ஆக, நானே கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டியதாயிற்று. மதுரை விமான நிலைய வாசலில், வண்டியைத் திருப்பிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அதையும் உங்களிடம் மறைக்கப் போவதில்லை.

நானும் விமானம் ஏறியதில்லை, இனியாவும் ஏறியதில்லை. அவளை என் மடியில் வைத்து, என் பெல்ட்டோடு குழந்தைக்கென்று ஒரு குட்டிப் பெல்ட்டையும் கோத்து மாட்டிவிட்டார்கள். ஜன்னலோரம் நாங்கள். பக்கத்தில் பரமக்குடிக்கார அம்மா ஒருவர். மகளின் பிரசவத்துக்குப் போகிறார்.

விமானம் ஓட ஆரம்பித்ததும் என் வலது கால் தானாகப் பிரேக்கைத் தேடியது. இருபத்தைந்து வருடமாக வண்டி ஓட்டுகிறவன். அடுத்தவன் ஓட்டி நான் உட்கார்ந்ததே குறைவு. தரை விட்டது... ஐயோ, அந்த ஒரு நொடியை எப்படிச் சொல்வேன்! பதினேழு கொண்டை ஊசி வளைவை ஒரு மணி நேரம் முக்கி முனகி ஏறுகிறவன் நான். இவன் கியர் மாற்றுகிற சத்தமில்லை, ஹார்ன் இல்லை, ஒரு வளைவு இல்லை... நேராக ஆகாயத்துக்கு ஏறுகிறான்! நான் இருக்கையின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். மடியில் இருந்தவளோ இரண்டு கையையும் தட்டி, "மாமா, மேடு... மேடு!" என்று சிரித்தாள்.

கொஞ்ச நேரத்தில் வெள்ளை வெளேரென்று மேகம் சூழ்ந்தது. "மஞ்சு!" என்றாள். மூடுபனிக்குத் தோட்டத்தில் மலையாளப் பெண்கள் சொல்லிக்கொடுத்த பெயர். அது விலகியதும் கீழே மலை... எங்கள் மலையா, அடுத்த மலையா, எனக்குத் தெரியாது. பச்சைப் பச்சையாக மடிப்புகள், நடுவே பாதை ஒன்று நூல் அவிழ்ந்து கிடப்பதுபோல். என் ஆயுள் முழுக்க நான் ஏறி இறங்கிய உயரம் இவ்வளவுதானா! இனியா ஜன்னலில் மூக்கை அழுத்தி, "அத்தே, டாட்டா" என்று அந்த மலைக்குக் கையசைத்தாள். நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

மலை முடிந்து கடல் வந்தது. அவ்வளவு நீரை நான் கற்பனைகூடச் செய்ததில்லை. இதையெல்லாம் தாண்டித்தான் அந்தப் பெண்ணின் குரல் நாள் தவறாமல் என் சட்டைப்பைக்கு வந்து சேர்ந்ததா? எத்தனை பெரிய நீர்ப்பரப்பு... கடைசியில் அதைத் தடுத்தது என் ஒரு விரல்.

விமானம் இறங்கத் தொடங்கியபோது குழந்தைக்குக் காது அடைத்துக்கொண்டது. மலையில் என் ஜீப்பில் ஏறும் பெண்களுக்கு எச்சிலை விழுங்கச் சொல்வேன். இருபத்திரண்டு மாதப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது? பாலைக் கொடுத்தேன், தட்டிவிட்டாள். தோளில் போட்டேன், உதறினாள். காதைப் பிய்த்துக்கொண்டு வீறிட்டாள். முன்னிருக்கைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பரமக்குடி அம்மா என் பக்கம் சாய்ந்தார். "ஏய்யா, இவ ஆத்தா பேசுனது எதுவும் போனுல இருந்தாப் போட்டு விடுய்யா. அடங்கிரும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் யோசித்தேன்... யோசித்தேன்! பிள்ளை வலியில் துடிக்கிறது, நான் கணக்குப் போடுகிறேன். பிறகுதான் போனை எடுத்து, ஒன்றைத் தொட்டு, அவள் காதோரம் வைத்தேன்.

"என்னெப் பெத்த ஆத்தா... சாப்ட்டியா சாமி? அம்மா வெரசா வந்துர்றேன்டா..."

அழுகை பாதியில் நின்றது. ஈரக் கண்கள் விரிந்தன. மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டாள். அவ்வளவு நேரம் நான் கெஞ்சியும் ஆடியும் ஆகாதது... ஒரு குரல்! போனுக்குள் கரகரக்கும் ஒரு குரல்! எனக்கு மெய்சிலிர்த்தது. முடிந்ததும், "இன்னொண்ணு" என்றாள். போட்டேன். இன்னொன்று. விமானம் தரையைத் தொடும்வரை போட்டுக்கொண்டே இருந்தேன்.

சக்கரம் தரையில் உருளும்போது அவள் என் தாடையைப் பிடித்துத் திருப்பினாள்.

"மாமா... யாரு?"

"அம்மா" என்றேன். "அம்மா" என்று அவளும் சொன்னாள். பாறைமேல் கத்திக் கத்திக் கேட்ட அதே சொல்லை, புதுச் சொல்லைப் போல மெல்லச் சொல்லிப் பார்த்தாள். பரமக்குடி அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தன் பையை எடுக்கத் திரும்பிக்கொண்டார்.

வெளியே ஈஸ்வரி நின்றிருந்தாள். வேலை உடுப்போடு வந்திருந்தாள். ஓடிவந்து பிடுங்கிக்கொள்வாள் என்று நினைத்தேன். பிள்ளை மிரண்டுவிடுமோ என்ற பயத்தில் இரண்டடி தள்ளியே நின்றுவிட்டாள். கையைக்கூட நீட்டவில்லை. மெதுவாகக் கூப்பிட்டாள், "என்னெப் பெத்த ஆத்தா..."

என் தோளில் கிடந்த தலை நிமிர்ந்தது. இனியா என் சட்டைப்பையில் இருந்த போனைப் பார்த்தாள். தன் அம்மாவைப் பார்த்தாள். மறுபடி போனைப் பார்த்தாள். பிறகு எட்டிச் சாய்ந்து, ஈஸ்வரியின் உதட்டின் மேல் ஒரு விரலை வைத்தாள். குரல் எங்கிருந்து வருகிறது என்று தொட்டுப் பார்த்தாள்!

"அம்மா" என்றாள்.

மலை, மேகம், கடல் எல்லாம் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். இதற்கு முன்னால் அவையெல்லாம் என்ன! என் கழுத்தைச் சுற்றியிருந்த பிஞ்சுக் கை நழுவி அந்தப் பக்கம் போனது. நான் விட்டேன்.

ஈஸ்வரி அழுது அடங்க வெகுநேரமானது. "நா அனுப்புனதெல்லாம் புள்ளைக்குப் போட்டுக் காட்டுனியாண்ணே?"

அதுதான் தருணம். அவள் காலிலேயே விழுந்திருக்கலாம். என்ன சொன்னேன் தெரியுமா?

"தெனமும் ஆத்தா."

அவள் பிள்ளையோடு குனிந்து என் காலைத் தொட்டாள். அத்தனை பேர் நடமாடும் இடத்தில்! பதறி அவள் கையைப் பிடித்துத் தூக்கினேனே தவிர, சொன்னதைத் திருப்பி எடுக்கவில்லை.

ஊர் திரும்பிய மறுநாள் ஈஸ்வரி அழைத்தாள். டவர் வந்துவிட்டது என்று முதல் வேலையாகச் சொல்லியிருந்தேன். பாண்டியம்மாதான் எடுத்தாள். ஒலிபெருக்கியில் தங்கையின் குரல் அடுப்படியெங்கும் கேட்டது. "மதினி, நீங்களும் அண்ணனும் தெனமும் என் பேச்சப் போட்டுக் காட்டலேன்னா எம்புள்ள என்னைய அண்டியிருக்காது. ஒங்க ரெண்டு பேரையும் கோயில் கட்டித்தான் கும்பிடணும்."

பாண்டியம்மா அந்த வீட்டில்தானே இருந்தாள்? அந்தப் பேச்சில் ஒன்றைக்கூட அவள் கேட்டதில்லையே!

அவள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். சோறு கொதித்து வழிந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

"ஆமா ஈசு" என்றாள். "தெனமும் கேக்கும் புள்ள."

போனை என் கையில் வைத்துவிட்டு அடுப்பை அணைத்தாள். அன்றிலிருந்து சோறு போடுகிறாள், துணி துவைத்துப் போடுகிறாள், ஜீப் கிளம்பும்போது பார்த்துப் போகச் சொல்கிறாள். அதைப் பற்றி மட்டும் இன்றுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டுத் தொலைத்தால்தான் என்ன...