ஷவல் பனிக்குள் குத்தி நின்றது

அந்தக் குளிர்காலம் முழுக்க, பக்கத்து வீட்டு அங்கிள் கூப்பிட்டால் அப்பா ஏன் பதில் சொல்வதில்லை என்று நீங்கள் இருவரும் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். கோபமாக்கும் என்று நினைத்திருப்பீர்கள். கோபமில்லை. கதைத்தால் பொலிஸ் என்னைப் பிடித்துக்கொண்டு போயிருக்கும்.

அஜின்கோர்ட்டில் எங்கள் வீட்டுக் கார் விடுகிற றைவ்வேயும் அவர்களுடைய றைவ்வேயும் ஒட்டியபடி இருந்தன. இரவு கொட்டிய பனியை அந்த அங்கிள் ஒருநாள் காலையில் வாரி எங்கள் பக்கம் எறிந்துகொண்டிருந்தார். நான் ஸ்கூல் பஸ் ஓட்டப் போகவேண்டும், கார் வெளியே வர வழியில்லை.

"அண்ணை, உந்தப் பனியை உங்கடை பக்கம் போடுங்கோவன்."

"உம்மடை பக்கம் எது, என்ரை பக்கம் எது எண்டு ஸ்னோவுக்குத் தெரியுமோ?"

வார்த்தை தடித்தது. அவர் பனி வாரும் ஷவலை ஓங்கினார். நான் இரண்டு அடி பின்னால் போனேன். பிறகு அவர் அதைப் பனிக்குவியலில் குத்திவிட்டு, உங்கள் அம்மாவைப் பற்றி ஒரு சொல் சொல்லிக்கொண்டு வீட்டுப் பக்கம் திரும்பினார். அந்தச் சொல்லை இங்கே எழுதமாட்டேன். நான் போய் அவருடைய தோளில் தள்ளினேன். ஐஸில் வழுக்கி விழுந்தார். பின்மண்டையில் நாலு தையல்.

பொலிஸ் வந்து என்னைப் பிடித்து, தாக்குதல் என்று வழக்குப் போட்டது. என்னை விடும்போது ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். அவரோடு நேரே கதைக்கக் கூடாது, ஆள் விட்டும் கதைக்கக் கூடாது. என் சொந்த வீடு என்பதால் அங்கே இருக்க மட்டும் விட்டார்கள். வழக்கு முடியும்வரை பஸ்ஸைத் தொடவேண்டாம் என்று கொம்பனி சொல்லிவிட்டது. பிள்ளைகளை ஏற்றுகிற வேலை அல்லவா? குற்றவாளி என்று பதிவு விழுந்தால் பிறகு ஒருநாளும் பஸ் இல்லை.

அடிபட்டவர் சமாதானமானால் கதை முடிந்தது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவரும் அப்படித்தான். ஒரு கிழமை கழித்து, தலையில் கட்டோடு, றைவ்வே ஓரத்தில் வந்து நின்றார்.

"தம்பி, கேஸை வாபஸ் வாங்கிறன் எண்டு பொலிசுக்குச் சொன்னனான். அது என்ரை கையிலை இல்லையாம், அரசாங்கம்தான் நடத்துதாம். அடி வாங்கினது நான், கேஸ் அவையின்ரையாம்!"

நான் குனிந்து பனியை வாரினேன்.

"சரி, நான் ஷவலை ஓங்கிக்கொண்டு நிக்கேக்கைதான் நீர் தள்ளினீர் எண்டு கோட்டிலை சொல்லுறன். காணுமோ?"

கையெழுத்து வைத்த தாளை நினைத்துக்கொண்டு நான் மற்றப் பக்கம் போய் வாரினேன். "பெரிய மனுசர், கதைக்கமாட்டாராம்" என்று சொல்லிக்கொண்டு அவர் உள்ளே போனார்.

உங்கள் மாமாவிடம் இதைச் சொன்னதும் அவன் துள்ளினான். "அத்தான், லொத்தர் விழுந்த மாதிரி! நீங்களும் அதையே சொல்லுங்கோ. தற்பாதுகாப்பு. பஸ் திரும்பக் கையிலை!"

என் வழக்கைப் பார்த்த லோயர் இங்கேயே பிறந்த தமிழ்ப் பிள்ளை. அவ கேட்ட முதல் கேள்வி: "அங்கிள், தள்ளேக்கை ஷவல் எங்க இருந்தது?"

நான் நழுவினேன். "அவரை விழுத்திற எண்ணமே எனக்கு இல்லைப் பிள்ளை."

"அது வேற. தள்ள நினைச்சுத்தானே தள்ளினீங்கள்? அது காணும். குப்பையைக் கொளுத்தப் போய்ப் பக்கத்து வீடு எரிஞ்சா, குப்பையைத்தான் கொளுத்தினனான் எண்டு சும்மா தப்பேலாது. அந்த அங்கிள் செத்திருந்தா, அதே ஒரு தள்ளு மான்ஸ்லோட்டர், ஆளைச் சாகடிச்ச குற்றம். கொல்ல நினைச்சிருக்கோணும் எண்டு கூட இல்லை."

"என்ரை மனுசியைப் பேசினவர்."

"பேச்சுக்குக் கை நீட்டேலாது. அடி விழப்போகுது எண்டு நம்பி, உங்களைக் காப்பாத்தத் தள்ளினா அது தற்பாதுகாப்பு, டிஃபென்ஸ். ஆள் திரும்பிப் போகேக்கை தள்ளினா அது கோவம். ஷவல் எங்க, அங்கிள்?"

ஐஸில் அவருடைய தலை பட்ட சத்தம் எனக்குக் கேட்டபடியே இருந்தது. தலையையும் உடைத்துவிட்டு, அந்த மனிசனைப் பொய்ச் சாட்சியாகவும் ஆக்குவதா?

"பனிக்குள்ளை குத்தி நிண்டது. அவர் முதுகு காட்டிக்கொண்டு நிண்டவர்."

அவ பேனையை வைத்தா. "ஓகே. அப்ப அந்த டிஃபென்ஸை நாங்கள் எடுக்கேலாது."

மாமா இரண்டு மாதம் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. கோபத்தை அடக்கப் பழக்கும் வகுப்புக்குப் போனேன். ஒரு வருஷம் ஒழுங்காக இருப்பேன், அவரோடு கதைக்கமாட்டேன் என்று நீதிபதி முன்னால் கையெழுத்து வைத்தேன். அதன்பேரில் அரசாங்கம் வழக்கை விட்டது. பதிவு விழவில்லை. ஆனால் அந்த வருஷம் முடியும்வரை பஸ் தரமாட்டோம் என்றது கொம்பனி. நீங்கள் எழும்பமுதல் நான் தூரத்துப் பிறம்ரனில் வெயார்ஹவுஸில் பெட்டி தூக்கப் போனது அந்த வருஷம்தான். மாமா சொன்னபடி செய்திருந்தால் பஸ் கெதியாய்க் கிடைத்திருக்கும், அது எனக்குத் தெரியும்.

வருஷம் முடிந்து பஸ் கிடைத்தது. அவரோடு கதைக்கவும் தடையில்லை. அடுத்த பனிக்கு இரண்டு பேரும் வெளியே நின்றோம்.

"ஏன் தம்பி, ஷவல் என்ரை கையிலை இருந்தது எண்டு நீர் சொல்லேல்லை? நான்தான் சொல்லுறன் எண்டனான் எல்லோ?"

"அது பொய்யெல்லோ அண்ணை."

"பொய்தான்." பனிக்குவியலைப் பார்த்தார். "இப்ப இந்த ஸ்னோவை எங்கை போடுறது?"

"ரோட்டிலை போடக் கூடாது. அதுக்கும் சட்டம் இருக்காம்."

"அப்ப என்ரை பக்கமே கிடக்கட்டும்" என்று ஷவலைத் தூக்கினார். நான் என்னையறியாமல் இரண்டு அடி பின்னால் போனேன்.

"பயப்பிடாதையும்" என்று சிரித்துவிட்டு அவர் வாரத் தொடங்கினார்.