நாகஜோதியின் சீமை அத்தி

நாகஜோதியிடம் வாய் கொடுத்து மீண்டவர் ராஜபாளையத்தில் அவள் தெருவில் யாருமில்லை. புருசன் முத்துப்பாண்டி பட்டாளத்தில். வீடு மாமனார் கட்டியது, பாத்திரம் மாமியார் வாங்கியது. வாழ வந்த நாளிலிருந்து 'என்னுது' என்று அவள் சொல்லிக்கொண்டது கொல்லையில் இருந்த சீமை அத்தி ஒன்றைத்தான். குட்டை ரகம். வருசா வருசம் மார்கழியில் கிளைகளை வெட்டிக் கவாத்து பண்ணிவிடுவாள். இடுப்புயரத்துக்குள்ளேயே அது காய்த்துத் தள்ளும்.

அடுத்த வீடு முத்துப்பாண்டியின் அண்ணன் பொன்னுராஜுடையது. அவன் மகளைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் திரும்பி வரவில்லை. பால் வடிகிற மரம் வீட்டுக்கு ஆகாது என்று யாரோ ஓத, ஆளுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. கார்த்திகை மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்த நடுப்பகலில், சட்டை கூடப் போடாமல் அரிவாளோடு சுவரேறிக் குதித்தான்.

"தள்ளுட்டி. இதால என் குடியே கெட்டுப்போச்சு."

"ஒங்க மகளுக்கு மாப்ள அமையலன்னா என் செடி என்னத்தான் பண்ணும்?"

முதல் வெட்டில் ஒரு கிளை போனது. அடுத்ததற்கு அவள் குறுக்கே கை நீட்டினாள். முழங்கைக்குக் கீழே சதை பிளந்து எலும்பு தெரிந்தது. பாவி அப்போதும் நிறுத்தவில்லை. அவள் ரத்தம் இலையில் வழிய, செடியின் பால் அவன் நெஞ்சிலும் தோளிலும் தெறித்தது. அதைத் துடைக்காமல் வெயிலில் நின்று ஊருக்கே வீரம் பேசினான். சத்தம் கேட்டு ஆள் கூடியதால் அடிமரம் தப்பியது.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். போனில் முத்துப்பாண்டி, "அண்ணன்தான, விட்டுரு. கேசு கீசுன்னு போவாத" என்றான். அதைக் கேட்டதும்தான் அவளுக்கு வயிறு எரிந்தது.

பொன்னுராஜுக்கு மேலெல்லாம் எரிந்தது. பால் பட்ட இடமெல்லாம் கொப்புளம் கிளம்பித் தோல் உரிந்தது. செடியில் சாமி இருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டான். மார்கழி பிறந்ததும் மஞ்சள் துணியும் எலுமிச்சம்பழமுமாக வந்து, செடிக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

"தாயே, தெரியாம வெட்டிட்டேன். பொறுத்துக்கோ."

கட்டுப் போட்ட கையோடு பக்கத்தில் நின்றவளை அவன் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நாகஜோதி உள்ளே போனாள். பால் மேலே பட்டு வெயிலில் வெந்துவிடாமலிருக்கக் கவாத்துக்கு எப்போதும் போடுகிற, புருசனின் முழுக்கைப் பட்டாளத்துச் சட்டையை மாட்டி, அரிவாளை எடுத்துவந்து அடிமரத்தில் வைத்தாள்.

"ஏட்டி, சாமிக் குத்தம் ஆயிரும். வேண்டாம்."

"அப்போ எங்கிட்ட மன்னிப்புக் கேளுங்க. செடிய வெட்டுனதுக்கு இல்ல. என்னைய வெட்டுனதுக்கு."

சுவருக்கு மேலே தெரு முழுக்கத் தலை தெரிந்தது. பொன்னுராஜ் அரிவாளைப் பார்த்தான், செடியைப் பார்த்தான்.

"தப்புதாம்மா. ஒன் கைய வெட்டுனது தப்பு. மன்னிச்சிரு" என்று அவளைப் பார்த்துக் கும்பிட்டான்.

கும்பிட்ட கை இறங்குவதற்குள் அவள் அடிமரத்தை முழங்காலுயரத்தில் ஒரே வெட்டாக வெட்டினாள். சாமிக் குத்தத்துக்குப் பயந்து பொன்னுராஜ் அலறிக்கொண்டு சுவரேறி ஓடினான்.

நாகஜோதி சட்டையைக் கழற்றி வாளியில் முக்கினாள். தை கடைசியில் அடிக்கட்டை துளிர்த்துவிடும், அது அவளுக்குத் தெரியும். கைதான் இன்னும் மடங்கவில்லை.