டிரா ஆனா போதும்

நாற்பத்தொன்றாம் நாற்காலியைத் துடைத்துவிட்டு நாற்பத்திரண்டையும் துடைக்கிறார். வருவது அவர் ஒருவர், துடைப்பது இரண்டு. மூக்குக்கண்ணாடி துடைக்கிற மஞ்சள் துணி எப்போதும் அவர் சட்டைப்பையில் இருக்கும். முதலில் அகலமாக ஓர் இழுப்பு, பிறகு சுற்றிச் சுற்றி நான்கு தேய்ப்பு, கடைசியில் குனிந்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். பிளாஸ்டிக் நாற்காலியில் என்ன பவர் பார்க்கிறாரோ, அவருக்குத்தான் வெளிச்சம். துணியை மடித்து வைத்துக்கொண்டு உட்கார்வார். மைதானத்தைப் பார்த்துப் பொதுவாகச் சொல்வார்: "ஜெயிக்கவெல்லாம் வேணாம். டிரா ஆனா போதும்."

அதனால் அவர் பெயர் டிரா. பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் இருக்கிறது. அது அங்கேயே இருக்கட்டும்.

கடைத்தெருக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பது அவர் வேலை. ஃப்ரேமின் அளவுக்கு லென்ஸின் ஓரத்தை மெஷினில் கொடுத்துத் தேய்க்க வேண்டும். மயிரிழை கூடினால் ஃப்ரேமில் ஏறாது, குறைந்தால் நிற்காது. முப்பது வருடமாக இதைப் பிசகாமல் செய்கிற மனிதர், அதே முப்பது வருடமாக, பந்தை நேராக உதைக்கத் தெரியாத பதினோரு பேரைப் பார்க்கச் சனிக்கிழமைதோறும் வருகிறார். எங்கள் ஊர்க் கால்பந்து அணி அப்படி. லீக் பட்டியலில் எங்களைத் தேடி அலைய வேண்டாம், கீழேயிருந்து படித்தால் முதல் பெயர். போன வருடம் ஒரே ஒரு வெற்றி. எதிரணி வந்த பஸ் வழியில் படுத்துவிட்டதால், ஆட்டம் நடக்காமலே எங்களுக்குக் கொடுத்தார்கள். ஆடாமல் ஜெயித்ததெல்லாம் ஒரு ஜெயிப்பா என்று டிரா அலுத்துக்கொண்டார். பன்னிரண்டு வருடமாக அவருக்குப் பின் வரிசையில் உட்காரும் நான் கை தட்டினேன். எனக்கு அவ்வளவு மானம் கிடையாது.

கடைக்கு வருகிறவர்கள் அவரைச் சும்மா விடுவதில்லை. முதல் கண்ணாடியை உங்கள் கோல்கீப்பருக்குப் போடுங்கள் என்பார்கள். டிரா தலை நிமிராமலே பதில் சொல்வார். "அவனுக்குப் பார்வை நல்லாத்தான் இருக்கு. பந்து உள்ள போறத கடைசி வரைக்கும் பாக்குறான்."

அவர் வாயில் ஒரு பழக்கம் உண்டு. அணி ஜெயித்தால் 'நம்ம பசங்க', தோற்றால் 'அவனுங்க' என்பதுதான் ஊர் வழக்கம். இவருக்கு எப்போதும் 'நாம'. கேட்பவர் யாராயிருந்தாலும் அவரையும் உள்ளே இழுத்துப் போட்டுக்கொள்வார். ஒரு திங்கட்கிழமை, கண்ணாடி வாங்க வந்த வெளியூர் அம்மாளிடம், "நாம மறுபடியும் தோத்துட்டோம்மா" என்றிருக்கிறார். அந்த அம்மாள் வெலவெலத்துப்போய், "எந்தக் கேஸ்ல?" என்று கேட்டாராம். பாவம், அவருக்கு நிஜமாகவே ஒரு சொத்து வழக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அவர் மனைவியோ கல்யாணமான நாளிலிருந்து 'உங்க டீம்' என்பதோடு சரி. என்ன ஆச்சு என்று கேட்பதில்லை. தோற்றுவிட்டு வந்தால் வாசற்படியில் உட்கார்ந்து ஷூ லேஸை ரொம்ப நேரம் அவிழ்ப்பார், அதிலேயே தெரிந்துவிடும் என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். ஜெயித்தால் எப்படிக் கழற்றுவார் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "தெரியலையேப்பா" என்றார்.

நாற்பத்திரண்டாம் நாற்காலி மகளுடையது. ஆறு வயதில் பந்து எங்கே போகிறதென்று தெரியாமல் கண்ணை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தவளுக்கு, முதல் கண்ணாடியை அவரே தேய்த்துப் போட்டார். அன்றிலிருந்து இருபத்திரண்டு வயது வரை ஒரு சனிக்கிழமை தவறவில்லை. பாதி ஆட்டத்தில் கண்ணாடி மங்கும். டிரா பேசாமல் கையை நீட்டுவார், அவள் கழற்றிக் கொடுப்பாள். அப்புறம் பெரிய நகரத்தில் வேலை கிடைத்துப் போனாள். பட்டியலில் எங்களுக்கு நேர் எதிர் முனையில் இருக்கிற ஊர் அது. நாற்காலியை மட்டும் டிரா விடவில்லை, வருடா வருடம் புதுப்பிக்கிறார். சனிக்கிழமை சாயங்காலம் போன் வரும்: "நாம எத்தனைப்பா?" முதலில் வாராவாரம், பிறகு மாதம் ஒருமுறை.

போன மாதம் என் கண்ணாடியின் மூக்குப்பிடி உடைந்து நான் கடையில் நின்றபோது அவள் போன் செய்தாள். கை ஈரம் என்று டிரா ஸ்பீக்கரில் போட்டார். "அப்பா, அடுத்த சனிக்கிழமை நாங்க அங்க ஆட வர்றோம்ல? நானும் வரேன். உங்களுக்கு நாலு கோலாவது போடாம விடமாட்டோம்" என்று சொல்லிச் சிரித்தாள். இவரும் சிரித்தார். போனை வைத்துவிட்டு லென்ஸை மெஷினில் கொடுத்தார். ஓரம் வேண்டியதற்கு மேல் தேய்ந்து, முப்பது வருடத்தில் நான் கேள்விப்படாத காரியமாக, ஒரு லென்ஸ் வீணாகிவிட்டது.

"கேட்டியா?" என்றார். "நாங்கன்னு சொல்றா."

"விளையாட்டுக்குச் சொல்லியிருப்பாண்ணே."

"விளையாட்டுக்குத்தாம்ப்பா சொன்னா." லென்ஸைத் தட்டில் போட்டார். "எல்லாத்துலயும் தோத்தாச்சு. இவ ஒருத்தி நம்ம பக்கம்னு நெனச்சிட்டிருந்தேன்."

'நாங்க' என்றால் அப்பா வெளியே என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும். மூக்குப்பிடியை மாட்டாமலே திரும்பி வந்தேன்.

அந்தச் சனிக்கிழமை ரயிலிலிருந்து நேரே மைதானத்துக்கு வந்தாள். தூறல். டிரா நாற்பத்திரண்டை இரண்டு முறை துடைத்தார். அவள் தோள்பையின் ஜிப்பில் நீலச் சால்வையின் ஒரு முனை பிதுங்கிக்கொண்டிருந்தது. அது நகரத்து அணியின் நிறம். நான் பார்த்தேன், அவரும் பார்த்தார். "பை நனையுது பாரு, சீட்டுக்கு அடியில தள்ளு" என்றார். டிரா ஆனால் போதும் என்கிற வசனம் அன்றைக்கு வரவில்லை.

பாதி ஆட்டத்துக்குள் இரண்டு வாங்கினோம். ஒவ்வொரு தடவையும் அவர் பந்தைப் பார்க்கவில்லை, ஓரக்கண்ணால் மகளைப் பார்த்தார். அவள் இரண்டு கைகளையும் முட்டிகளுக்கு நடுவே வைத்துக்கொண்டு கம்மென்று இருந்தாள். எழுபதாவது நிமிடம், எங்கள் ஆள் எங்கேயோ குறி வைத்து உதைத்த பந்து, எதிராளி முதுகில் பட்டுத் திசைமாறி வலைக்குள் போனது. எனக்கு முன்னால், அவருக்கு முன்னால், அவள்தான் எழுந்து நின்று கத்தினாள். அதற்கப்புறம் இன்னும் இரண்டு வாங்கினோம். சொன்னபடி நாலு.

கூட்டம் கலைந்தது. மழை கொஞ்சம் வலுத்தது. நாங்கள் மூவரும் எழுந்திருக்கும் தெம்பில்லாமல் உட்கார்ந்திருந்தோம். அவள் போன் அடித்தது. நகரத்துத் தோழி போலிருக்கிறது, அந்தப் பக்கம் ஒரே கூச்சல். இவள் எரிச்சலோடு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பார்த்தேன்டி, பார்த்தேன். நீங்க ஜெயிச்சீங்க, கொண்டாடுங்க. நாங்க தோத்துட்டோம். வை போனை."

போனைப் பைக்குள் போட்டுவிட்டு மூக்கை உறிஞ்சினாள். என்ன சொன்னோம் என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

டிரா மைதானத்தையே பார்த்தபடி, அவள் பக்கம் கையை மட்டும் நீட்டினார். அவள் கண்ணாடியைக் கழற்றி அதில் வைத்தாள். ஊதினார். மஞ்சள் துணியை எடுத்து ஓர் இழுப்பு, சுற்றிச் சுற்றி நான்கு தேய்ப்பு, விளக்கு வெளிச்சத்தில் சாய்த்து ஒரு பார்வை. அவள் வாங்கிக்கொள்ளக் கை நீட்டினாள். கொடுக்காமல், தானே அவள் காதுகளில் மாட்டிவிட்டார்.