மீனா அலற மறுத்த காட்சி

கல்லூரியில் எங்கள் குழு எடுத்த த்ரில்லர் குறும்படத்துக்கு நான்தான் இயக்குநர். ஸ்ரீவராகம் தெருவில் தன்னைப் பின்தொடரும் ஒருவனைக் கண்டு ஒரு பெண் அலறி ஓடுவாள். அதுதான் முக்கியமான காட்சி. வகுப்பில் போட்டுக் காட்டியபோது அந்த அலறலுக்கு எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. பின்னணி இசையைக் கூட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்ணாக நடித்த மீனா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் வீடும் அதே தெருவில்தான்.

"மியூசிக்கெல்லாம் வேண்டாம்டா. நெஜத்துல நான் கத்தவே மாட்டேன், கேட்டியா? போனைக் காதுல வச்சுண்டு, 'அப்பா, தோ வந்துட்டேன், முக்குல நில்லுங்கோ'ன்னு சத்தமாப் பேசிண்டே நடப்பேன்."

"அப்பா வந்து நிப்பாரா?"

"போன்ல யாருமே இருக்க மாட்டா."

"இதை ஏன் முதல்லயே சொல்லல?"

"நீ கேக்கலையே."

மறுநாள் படத்தைக் கொடுத்தாக வேண்டும். கேமரா பிடித்த நண்பன், "இனி டைம் இல்லடா, விடு" என்றான். நான் விடவில்லை. அன்று மாலையே அந்தத் தெருவில் காட்சியை மறுபடி எடுத்தோம். அலறலை வெட்டி எறிந்தேன். அவள் காதிலிருந்து இறக்கும் போனின் இருண்ட திரையோடு படத்தை முடித்தேன்.

மதிப்பீட்டு நாளில் யாரும் சிரிக்கவில்லை. விளக்கைப் போட்டதும் பையன்கள், "போன் ஆஃபாத்தானே இருக்கு, பின்ன எதுக்குடா பேசினா?" என்று கேட்டார்கள். பெண்களில் ஒருவர்கூட அதைக் கேட்கவில்லை.

அடுத்த படத்துக்குத் திட்டமிடுகிறேன். இன்னும் ஒரு வரிகூட எழுதவில்லை. முதலில் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.