களவுபோய் வந்த கார்

எங்கள் கார் களவுபோன நேரத்தில் நாங்கள் மூதூரில் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் இருந்தோம். நான் இரண்டாம் முறையும் பாயசம் கேட்டு அம்மாவிடம் முறைப்பு வாங்கிய அதே நேரத்தில்தான் அது நடந்திருக்கவேண்டும் என்று பிற்பாடு நானாகவே தீர்மானித்துக்கொண்டு, வெகுநாள் பாயசத்தைத் தொடாமல் இருந்தேன். அப்போது எனக்கு ஒன்பது வயது.

அப்பா துறைமுகக் கந்தோரில் கிளாக்கர். ஓர்ஸ் ஹில் சரிவில் இருந்தது எங்கள் வீடு. வெள்ளைக்காரர் கடற்படைத் தளத்தைக் கையளித்துவிட்டுக் கப்பலேறியபோது, அவர்களில் ஓர் அதிகாரி விற்றுவிட்டுப் போன கார் அது. பாசிப்பச்சை நிறம், நாலு கதவு. அந்தக் காரைப் பற்றிப் பேசும்போது அப்பாவின் குரல் தானாகத் தாழும். எங்களைப் பற்றிப் பேசும்போது அப்படித் தாழ்ந்ததாக எனக்கு நினைவில்லை. காருக்கும் அப்பாமீது விசுவாசம் இருந்தது. ஓட்டுபவரின் கதவை ஒரு கையால் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு திறப்பைத் திருப்பினால்தான் அது திறக்கும். அந்தப் பக்குவம் தெரியாதவர் என்ன செய்தாலும் திறக்காது.

மூதூருக்குக் கடல்வழியே லோஞ்சில்தான் போகவேண்டும் என்பதால் கார் வீட்டில் நின்றது. அதோடு அம்மாவின் தம்பி, என் மாமா, வீட்டில் நின்றார். யாழ்ப்பாணத்தில் ஒரு கராஜில் பாதி வேலை பழகிவிட்டு, மீதிப் பாதியைப் பழகாமலே வேலை தேடி எங்களோடு வந்து தங்கியிருந்தவர். காதுகளை ஆட்டுவார், சீட்டி அடித்தே ரயில் ஓட்டுவார். அதனால் உலகத்திலேயே பெரிய மனிதர் அவர்தான் என்பது என் எண்ணம். அன்று தலையிடி என்று கல்யாணத்துக்கு வரவில்லை.

நாங்கள் அடுத்த நாள் பின்னேரம் வந்து பார்த்தால் கார் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் கிடந்தது.

“குளிசை போட்டிட்டு நித்திரையாப் போனனான் அத்தான். ஒரு சத்தமும் கேக்கேல்லை” என்றார் மாமா. அவருடைய கண்கள் சிவந்திருந்தன. தலையிடி இன்னும் மாறவில்லை, பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா அப்படியே திரும்பி நடந்து போய்ப் பொலிசில் முறைப்பாடு கொடுத்துவிட்டு வந்தார்.

பதினொரு நாட்களுக்குப் பிறகு, கந்தளாய் வீதியில் பற்றைக் காட்டுக்குள்ளே விறகு வெட்டப் போனவர்கள் காரைக் கண்டுபிடித்தார்கள். ஒரு லொறி அதை எங்கள் படலைவரை கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனது. நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். நாலு சில்லும் இல்லை, இருக்கைகள் இல்லை, முன் விளக்குகள் இருந்த இடத்தில் இரண்டு ஓட்டைகள். மூக்கு ஒரு பக்கமாக நசுங்கி, ரேடியேற்றர் பிளந்திருந்தது. கண்ணைத் தோண்டி எடுத்தது போல் இருந்ததால் நான் அழுதேன். அப்பா அழவில்லை. பச்சைத் தகரத்தில் ஒட்டியிருந்த காய்ந்த இலைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

கூட வந்த பொலிஸ் சார்ஜன் வயதானவர், சிங்களவர். எங்கள் ஊரில் இருந்து இருந்தே தமிழ் பிடித்துக்கொண்டவர். கதவைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஐயா, பூட்டு உடைக்க இல்லை. திறப்பு போட்டுத்தான் திறந்தது.”

அப்பா கதவின் பிடியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார்: “பழைய பூட்டு. எந்தத் திறப்பும் போகும்.”

“இல்லையப்பா, தூக்கினால்தானே...” என்று நான் தொடங்கினேன். அப்பாவின் கை என் தலையில் வந்து அமர்ந்தது. தடவுவதுபோல்தான் இருந்தது, ஆனால் பாரமாக இருந்தது. நான் நிறுத்திவிட்டேன்.

அப்பாவின் நண்பர் ஒருவர் நகரத்தில் கராஜ் வைத்திருந்தார். தானே கொண்டுபோய்த் திருத்தித் தருவதாகச் சொன்னார். அப்பா வேண்டாம் என்றுவிட்டார். அன்று மாலை மாமாவைக் கூப்பிட்டார்.

“தம்பி, இதை நீர்தான் திருத்தவேணும். இந்த வளவுக்கையே வைச்சு.”

“நானோ அத்தான்? எனக்கு முழுக்கத் தெரியாதே.”

“எனக்கு ஒண்டுமே தெரியாது. ரெண்டு பேருமாப் பழகுவம்.”

அப்படித்தான் எங்கள் வளவு ஐந்து மாதத்துக்குக் கராஜ் ஆனது. நாலு பனங்குற்றிகளின் மேல் கார் ஏறி நின்றது. கந்தோரால் வந்ததும் அப்பா காற்சட்டையைக் கழற்றிவிட்டுச் சாரத்தைக் கட்டிக்கொண்டு இறங்குவார். அந்தக் காரோடு வந்த இங்கிலீசுப் புத்தகம் ஒன்று இருந்தது. அதை அப்பா கதிரையில் இருந்து வாசித்து, கந்தோர்த் தமிழில் மொழிபெயர்ப்பார். மாமா காருக்கடியில் கிடப்பார்.

“‘இவ்வுறுப்பை மென்மையாக அகற்றுக’ எண்டு போட்டிருக்கு.”

“அது மென்மையா அகலாதாம் அத்தான். சுத்தியலை எடுங்கோ.”

மண் நிரப்பிய சாக்கை உள்ளே கொடுத்து, நசுங்கிய தகரத்தை வெளியிலிருந்து தட்டித் தட்டி எடுத்தார்கள். இயந்திரத்தைச் சங்கிலி போட்டுப் புளியங்கொம்பில் தூக்கித் தொங்கவிட்டார்கள். இரண்டு கிழமை அது அங்கேயே தொங்கியது. மழை பெய்தபோது அப்பா தன் குடையைக் கொண்டுபோய் அதற்கு மேல் கட்டிவிட்டு, கந்தோருக்கு நனைந்துகொண்டு போனார். துருப்பிடித்த திருகாணிகள் மண்ணெண்ணெயில் ஊறின. வீட்டில் எதை எடுத்தாலும் மண்ணெண்ணெய் மணத்தது. அம்மாவுக்கு அந்த மணம் பிடிக்காததால்தான் மாமாவோடு அவர் கதைப்பதில்லை என்று நான் நம்பினேன். கார் வந்த நாளிலிருந்து அம்மா ஒரு சொல்லும் அவரோடு பேசவில்லை. சோற்றுக் கோப்பையை மேசையில் வைப்பார், குசினிக்குள் போய்விடுவார். மாமா தலை நிமிராமல் சாப்பிட்டுவிட்டுத் தானே கோப்பையைக் கழுவி வைப்பார். ஆனால் அதே மண்ணெண்ணெய் மணத்த அப்பாவோடு மட்டும் அம்மா எப்படிக் கதைத்தார் என்று நான் யோசிக்கவில்லை.

காணாமற்போன சாமான்கள் அந்தக் காலத்தில் கடையில் கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமைகளில் மாமா சைக்கிளில் எங்கோ போவார். போகிறபோது முகம் கறுத்திருக்கும். திரும்பும்போது ஏதாவது கொண்டுவருவார். முதலில் சில்லுகள் வந்தன. அதற்குப் பிறகு மாமாவின் கையில் மணிக்கூடு இல்லை. அடுத்து முன் விளக்குகள் வந்தன. அன்று அவருடைய உதடு வெடித்திருந்தது.

“சைக்கிளால விழுந்திட்டன்.”

அப்பா எங்கே எடுத்தது என்று ஒருநாளும் கேட்கவில்லை. “பொருந்துதோ?” என்று மட்டும் கேட்பார். எல்லாம் பொருந்தின. ஒரு திருகாணி ஓட்டைகூட விலகாமல் பொருந்தின. மாமா எவ்வளவு கெட்டிக்காரர் என்று பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் சொன்னேன்.

நாலாம் மாதம் ஒரு கைவண்டிலில் பின் இருக்கை வந்தது. விறாந்தையில் இறக்கி வைத்தார்கள். நான் போய் அதன் விளிம்பில் தொங்கிய தோலைத் தூக்கிப் பார்த்தேன். காரில் தூரம் போகும்போது எனக்கு அலுத்துவிடும். அப்படி அலுத்த ஒரு நாளில், ஊதாப் பென்சிலைத் துப்பலில் நனைத்து, அந்தத் தோலின் மறுபக்கத்தில் ஒரு கப்பல் கீறியிருந்தேன். துறைமுகத்தில் நான் கண்ட கப்பல், மூன்று புகைபோக்கியோடு. அடி விழும் என்று ஒருவருக்கும் சொன்னதில்லை. அந்தக் கப்பல் அங்கே இருந்தது.

“அப்பா! இது எங்கட சீற்! இஞ்ச பாருங்கோ, நான் கீறின கப்பல்!”

எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. எல்லோரும் ஓடிவருவார்கள் என்று எதிர்பார்த்தேன். மாமா அசையவில்லை. அம்மா குசினி வாசலில் வந்து நின்றார். அப்பா மட்டும் மெதுவாக வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“இல்லைப் பிள்ளை. இது வேற ஆரோ பிள்ளை கீறினது. உன்ர கப்பலுக்கு மூண்டு புகைபோக்கி. இதில ரெண்டுதான்.”

“மூண்டு இருக்கப்பா! எண்ணுங்கோ!”

அப்பா விரலை வைத்து எண்ணினார். “ஒண்டு. ரெண்டு.” மூன்றாவதன்மேல் விரல் நின்றது. அதை எண்ணாமல் கையை எடுத்துவிட்டார்.

நான் பொய் சொல்கிறேன் என்று அவர் ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கண்ணெதிரே இருந்ததை இல்லை என்றது என்னைப் பொசுக்கியது. என் கப்பலைப் பற்றி அவருக்கு எப்படித் தெரியும் என்பதுகூட எனக்குத் தோன்றவில்லை. மாமா காருக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டார். சற்று நேரத்தில் அங்கிருந்து விம்மும் சத்தம் வந்தது. நான் குனிந்து கேட்டதற்கு, மண்ணெண்ணெய் கண்ணில் பட்டுவிட்டது என்றார்.

அதன்பிறகு இரண்டு கிழமை நான் அப்பாவோடு கோபம். சாப்பாட்டு மேசையில் எல்லாவற்றையும் எண்ணினேன். “எனக்கு மூண்டு இடியப்பம். வேணுமெண்டால் ரெண்டு எண்டும் சொல்லலாம்” என்பேன். அம்மா முறைப்பார். அப்பா இடியப்பத் தட்டை என் பக்கம் தள்ளிவைப்பார்.

அப்படி இருக்கையில்தான் ஒரு சனிக்கிழமை காலை அந்தச் சார்ஜன் வந்தார். வழக்கை முடித்து எழுதவேண்டுமாம். விறாந்தைக் கதிரைகளெல்லாம் கார்ச் சாமான்களால் நிரம்பியிருந்ததால் அவர் அந்தப் பின் இருக்கையிலேயே வசதியாக உட்கார்ந்துகொண்டார். அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தார். மாமா ஸ்பனரால் எதையோ இறுக்கிக்கொண்டிருந்தவர் எழுந்து நின்றார்.

“களவுபோன சாமான் ஏதும் கிடைச்சதா ஐயா?”

“இல்லை” என்றார் அப்பா. “பழைய சாமான் தேடிப் போட்டம்.”

சார்ஜன் தான் இருந்த இருக்கையைத் தட்டினார். “இதுவும் அப்படியா?”

“இதுவும்...” என்று இழுத்தார் அப்பா. கந்தோரில் இருபது வருடம் ஓர் எழுத்துப் பிழையில்லாமல் எழுதிய மனிதர். சார்ஜனின் புத்தகத்தில் பேனை காத்துக்கொண்டிருந்தது. மாமா வளவிலிருந்து விறாந்தைப் படியில் ஏறினார். “சேர், நான்...” என்றார். அம்மா தூணைப் பிடித்துக்கொண்டார்.

நான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, வாயை மூடு என்று கண் காட்டவுமில்லை. அந்த முகத்தில் அப்படியொரு தவிப்பை நான் அதற்குமுன் கண்டதில்லை. இரண்டு கிழமைக் கோபம் எங்கே போனதோ தெரியாது.

“இது எங்கட சீற் இல்லை!” என்றேன், மாமாவை முந்திக்கொண்டு. “எங்கட சீற்றில மூண்டு புகைபோக்கிக் கப்பல் இருந்தது. இதில இருக்கிற கப்பலுக்கு ரெண்டுதான். அப்பா எண்ணினவர்.”

ஒருவரும் கப்பலைப் பற்றிக் கேட்கவேயில்லை என்பது சொன்ன பிறகுதான் விளங்கியது.

சார்ஜன் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். எழுந்து, தோலைத் தூக்கிப் பார்த்தார். அப்பாவைப் போலவே விரல் வைத்து எண்ணினார். பிறகு என் வலது கையைப் பார்த்தார். பள்ளிக்கூட வேலை செய்துகொண்டிருந்த விரல்களில் ஊதாக் கறை இருந்தது. மாமாவையும் ஒருமுறை பார்த்தார்.

“ஓம் துவ” என்றார், மகளே என்று சிங்களத்தில் என்னை அழைத்து. “ரெண்டுதான் இருக்குது. கீறின பிள்ளை நல்ல பிள்ளை.”

புத்தகத்தில் இரண்டு வரி எழுதி அப்பாவிடம் நீட்டினார். அப்பாவின் கையெழுத்து அன்றைக்கு மட்டும் கோணலாக விழுந்தது. சார்ஜன் தேத்தண்ணியை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுப் போனார். பெரியவர்கள் எல்லோருமே இப்படித்தான் எண்ணுவார்களோ என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தனியே போய் மறுபடி எண்ணினேன். மூன்று.

எனக்குக் கல்யாணமாகி ஒரு பிள்ளையும் பிறந்த பிறகுதான் அம்மா நடந்ததைச் சொன்னார். கந்தளாய்க் குளம் பார்ப்பதற்கென்று மாமா இரண்டு சிநேகிதரை ஏற்றிக்கொண்டு அந்தக் காரை எடுத்துப் போயிருக்கிறார். வீதி வளையும் ஒரு முடக்கில் மரத்தில் மோதியது. விட்டுவிட்டு வா, களவுபோனது என்று சொல்லிவிடலாம் என்றார்கள் அவர்கள். பயத்தில் மாமா அவர்கள் சொன்னபடி செய்துவிட்டார். பிறகு அவர்களே வண்டிலோடு போய்க் கழற்றக்கூடியதையெல்லாம் கழற்றிக்கொண்டார்கள். அது தெரிந்தும் மாமா வாய் திறக்கவில்லை. பூட்டு உடைபடவில்லை என்று சார்ஜன் சொன்ன அந்தக் கணத்தில் அப்பாவுக்கு எல்லாம் விளங்கியிருக்கிறது. வீட்டிலே அந்தக் கதவின் பக்குவம் தெரிந்த ஆண்பிள்ளை இன்னொருவர்தான். அப்பா அம்மாவிடம் ஒன்றுதான் கேட்டாராம்: “உம்மட தம்பியைப் பொலிசில குடுத்து மறியலுக்கு விடுறதோ, வேலைக்கு விடுறதோ? நீர் சொல்லும்.” வேலைக்கு விடுங்கோ என்று சொன்ன அம்மா, அந்த வேலை முடியும்வரை அவனோடு கதைப்பதில்லை என்று தானாகவே முடிவெடுத்தாராம்.

இதெல்லாம் தெரியாமல்தான் நான் அந்தக் காரின் முதல் ஓட்டத்துக்குச் சட்டை மாற்றிக்கொண்டு வந்து நின்றேன். புதுப் பச்சை பூசிய கார் காலை வெயிலில் மினுங்கியது. அப்பா திறப்பை எடுத்து மாமாவிடம் நீட்டினார்.

“நீர் ஓட்டும்.”

“ஏலாது அத்தான். நீங்கள்...”

“பிடியும்.”

அப்பா வந்து பின்னால் என் பக்கத்தில் இருந்துகொண்டார். எப்போதும் பின்னால் இருக்கும் அம்மா, முன் கதவைத் திறந்து மாமாவுக்குப் பக்கத்தில் ஏறினார். இயந்திரம் மூன்று தரம் இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. சாம்பல்தீவுப் பக்கமாகப் போனோம். மாமா ஸ்ரேரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். கார் ஊர்ந்தது. மீன் கூடை கட்டிய சைக்கிள்காரர் ஒருவர் எங்களைத் தாண்டிப் போனார். அவருக்குப் பின்னால் பள்ளிக்கூடப் பொடியன்கள் இரண்டு பேர் ஓடியே தாண்டிப் போனார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வேகமாப் போங்கோ மாமா என்று சொல்ல வாயெடுத்தேன்.

அப்போதுதான் அம்மா, வீதியைப் பார்த்தபடியே, “மெல்லமாப் போ” என்றார்.

“ஓமக்கா” என்றார் மாமா. அந்த ஒற்றைச் சொல் அவருக்குச் சரியாக வரவில்லை. தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கார் இன்னும் ஊர்ந்தது. அப்பா யன்னலுக்கு வெளியே திரும்பிக்கொண்டார், பார்ப்பதற்கு அங்கே ஒன்றுமே இல்லாதபோதும்.

பொடியன்களே எங்களைத் தாண்டும்போது அம்மா ஏன் அப்படிச் சொன்னார் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. இந்த வேகத்தில் போனால் யன்னலால் ஒரு துளி காற்றும் வராதே என்பதுதான் அன்று என்னுடைய ஒரே கவலை.