செர்ரிப் பூவுக்கு முன் மூன்று தேத்தண்ணி

காலை 9.00, ஆக்லாந்தில் மகன் வீடு இருக்கும் பக்குரங்கா. இரவு ஒன்பதுக்கு எங்களுக்கு விமானம். மாலை ஆறுக்குள் விமான நிலையம் போய்ச் சேர வேண்டும். அதற்குள் என் மனைவி சரோஜா ஒரு செர்ரி மரத்தடியில் நின்றாக வேண்டும். ஜப்பானுக்குப் போகத் துடித்துக்கொண்டிருந்தவளை, "அந்தப் பூ ஆக்லாந்துலயே பூக்கும்மா, இங்க வாங்க" என்று மதுரையிலிருந்து வரவழைத்தவன் எங்கள் மகன். வந்த நாள் முதல் மழை, இன்றுதான் வெயில். மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட்டதால் கார் ஓட்டியவர் மருமகளின் அப்பா சிவபாலன். யாழ்ப்பாணத்துக்காரர்.

செர்ரி மரங்கள் இருக்கும் கார்ன்வால் பூங்காவுக்கு இருபது நிமிடம்தான். ஆனால் கார் ஒடாஹுஹுவுக்குத் திரும்பியது.

"மாமி வீட்டை ஒருக்கா எட்டிப் பாப்பம். சம்பந்தி வீட்டார் வராமல் போட்டினம் எண்டு பிறகு கதை வரும்."

எட்டிப் பார்த்தது இரண்டு மணி நேரம். தேத்தண்ணி, ரோல்ஸ், கல்யாண ஆல்பம். ஆல்பம் இரண்டு பாகம்.

11.45. அடுத்து அவர் தம்பி வீடு. "ஒரு வீட்டுக்குப் போய் மற்ற வீட்டை விட்டால் எனக்கெல்லோ கரைச்சல்!" வழியில் காரின் கண்ணாடி வழியே விரலை நீட்டினார். "அங்க பாருங்கோ, ஸ்கை டவர்." ஸ்கை டவர் பார்த்தாகிவிட்டது.

தம்பி வீட்டிலும் தேத்தண்ணி. மூன்றாவதாக இன்னொரு சொந்தக்காரர் வீட்டில் சாப்பாடு, அதன்மேல் தேத்தண்ணி. வேறு யாராவது என்றால் கத்தியிருப்பேன். சம்பந்தியிடம் குரலை உயர்த்தினால் அது என் மகன் தலையில்தான் விடியும். சரோஜா கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு சிரித்தபடியே இருந்தாள்.

3.50, பென்ரோஸ். "இந்தக் கிடங்கிலதான் எனக்கு வேலை. பதினெட்டு வருசம்." எதிரே பூங்காவின் குன்று தெரிந்தது.

"அப்ப பூவெல்லாம் வருசாவருசம் பாத்திருப்பீங்க" என்றேன்.

"இல்லை, நான் இன்னும் உள்ளுக்குப் போகேல்ல."

4.20, பூங்கா. நுழைவுக் கட்டணம் இல்லை, கார் நிறுத்தவும் காசில்லை. வரிசையாக மரங்கள், இலையே தெரியாமல் பூ. சரோஜா நடுவில் போய் நின்றாள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்ததும் என் கோபம் பாதி இறங்கியது.

மீதிப் பாதி 5.15க்குத் திரும்பி வந்தது. சிவபாலன் மரம் மரமாகப் போய் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் ஒரு ஐஞ்சு நிமிசம், சம்பந்தி."

"ஃபிளைட் போயிரும்ங்க! பதினெட்டு வருசம் பக்கத்துலயே இருந்துக்கிட்டு ஒரு நாள்கூடவா உள்ள வரணும்னு தோணல?" வாய் தவறிவிட்டது.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. தோளில் விழுந்த இதழைக்கூடத் தட்டாமல் கேட்டார்: "உங்கட மதுரையில மகால் நல்ல வடிவாம். வீட்டுக்குக் கிட்டத்தானாமே. உள்ளுக்கு எப்பிடி இருக்கும்?"

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.

"அவரை ஏன் கேக்குறீங்க?" என்றாள் சரோஜா. "முப்பது வருசமா அந்தத் தெரு வழியாத்தான் ஆபீசுக்குப் போனாரு. இன்னைக்கு வரைக்கும் உள்ள கால் வச்சதில்ல."

ஆறுக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது விமான நிலையம் வந்தோம். வழியில் நான் மணியைப் பற்றிப் பேசவில்லை.