மாஸ்டர் அழித்த ஏழு கடிதங்கள்

நானூற்றுப் பன்னிரண்டு. 1995 பங்குனி முதல் வாரம்வரை தன் கையால் எழுதி உரியவர்களிடம் சேர்ப்பித்த மின்னஞ்சல்கள் இத்தனை என்று சிவசுப்பிரமணியம் மாஸ்டர் ஒரு கொப்பியில் பதிந்து வைத்திருந்தார். அவற்றில் அவருக்கென்று வந்தவை மூன்று. மூன்றையும் ஒஸ்லோவில் இருந்த மகன் குகநேசன் அனுப்பியிருந்தான். மிக நீளமானது நான்கு வரி.

மாஸ்டர் சண்டிலிப்பாய்க்காரர். முப்பத்தொரு வருடம் கணக்குப் படிப்பித்துவிட்டு இளைப்பாறியவர். கோயில் சபைத் தலைவர் தெரிவில் இரண்டு தடவை தோற்ற பிறகு கணினிப் பக்கம் வந்தார். குடாநாட்டுத் திருநெல்வேலிச் சந்தைக்குப் பின்னால் அவர் நடத்திய ஞானஒளி கணினி நிலையத்தின் பெயர்ப்பலகையில் மூன்று கணினிகள் வரையப்பட்டிருந்தன. உள்ளே ஒன்று இருந்தது.

யுத்தத்தால் மின்சாரம் போய் ஐந்து வருடமாகியிருந்தது. மண்ணெண்ணெயில் ஓடும் ஜெனரேற்றரை வியாழக்கிழமை பின்னேரங்களில் இரண்டு மணித்தியாலம் இயக்குவார்கள். அதுதான் கடித நேரம். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள், பல்கலைக்கழகத்தில் படிக்கிற யாராவது நண்பனைப் பிடித்து, கொழும்பில் இருந்த மாஸ்டரின் மருமகனுக்கு மின்னஞ்சல் அனுப்புவார்கள். மருமகன் எல்லாவற்றையும் ஒரு பிளொப்பியில் ஏற்றுவான். ஏரம்பு என்ற வியாபாரி அதைச் சவர்க்காரப் பெட்டிக்குள் வைத்து, கிளாலிக் கடல் கடந்து கொண்டுவருவார். அரசின் பொருளாதாரத் தடையில் பிளொப்பியும் அடக்கம் என்பதால் புதியது கிடைக்காது. ஒரே பிளொப்பிதான் இரண்டு வருடமாகப் போய் வந்துகொண்டிருந்தது.

செய்திகள் ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழாக வரும். அச்சு இயந்திரத்தின் நாடா காய்ந்துபோனதால் மாஸ்டரே அரைத்தாளில் தமிழில் எழுதிக் கொடுப்பார். வந்தபடி எழுதமாட்டார். 'அம்மா நான் சுகம், காசு பிறகு அனுப்புறன்' என்பது அவர் பேனையால் இறங்கும்போது 'அன்பும் பண்பும் பொருந்திய அன்னையார் அறிவது' என்று தொடங்கும். பத்தாம் வகுப்பில் தமிழில் கோட்டை விட்ட தன் மகன் இப்படி எழுதுவதைப் பார்த்து உடுவிலில் ஒரு தாய் பயந்தே போனாள்.

எழுதி முடித்ததும் மாஸ்டர் அழிக்கும் விசையைத் தட்டுவார். பட்டியலில் இருந்து பெயர் மறையும். அந்த விசையை அவர் தட்டுகிற அழகைப் பார்த்தால் நீதவான் தீர்ப்புச் சொல்வதுபோல இருக்கும். "திரையிலை இல்லாதது கொம்பியூட்டருக்குள்ளையும் இல்லை" என்று மாணவர்களுக்குக் குறிப்புக்கூடக் கொடுத்திருந்தார்.

அந்த மாசியில் இருந்து குருநகர் லூர்த்தம்மா வியாழன் தவறாமல் நடந்து வந்தாள். கணவன் கடலோடு போனவன். ஒரே மகன் அடைக்கலநாதன் நோர்வேயில். அவனுடைய அகதி வழக்குத் தோற்றுவிட்டது, புது விலாசம் அறிவிக்கிறேன் என்று கார்த்திகையில் கடிதம் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. அவன் எங்கே என்று தெரியவேண்டும். அவளுக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை. கடைசி வாங்கில் உட்கார்ந்திருப்பாள். எல்லாப் பெயரும் கூப்பிட்டு முடிய எழுந்து கேட்பாள்.

"வரேல்லை லூர்த்தம்மா. வந்தால் அதை வைச்சு நான் என்ன செய்யிறது?" என்பார் மாஸ்டர்.

நான்கு வியாழன் இந்தப் பதில்.

ஐந்தாவது வியாழன் பங்குனி ஒன்பதாம் திகதி. நாற்பது பேர் கூடியிருந்தார்கள். பிளொப்பியோடு மருமகன் ஒரு துண்டும் அனுப்பியிருந்தான்: பிளொப்பி நிறைந்துவிட்டது, இந்தமுறை பாதிக் கடிதங்கள்தான் ஏறின, மாமா பழையதை அழிக்கவேண்டும். துண்டில் இருந்ததை ஏரம்பு வாசலிலேயே சொல்லிவிட்டதால் சனம் கொதித்துப்போய் நின்றது. மாஸ்டர் சோம்பலில் அழிக்காமல் விட்டுத் தங்கள் கடிதங்களைத் தடுத்துவிட்டார் என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள்.

மாஸ்டருக்குக் கோபம் வந்தது. தட்டச்சுப் படிப்பிக்கும் குணலட்சுமியைக் கூப்பிட்டு, தான் எல்லாவற்றையும் அழித்ததை எல்லோருக்கும் முன்னால் நிரூபிக்கச் சொன்னார். பட்டியல் திறந்தது. பதினொரு பெயர்கள்.

"பாருங்கோ. பதினொண்டு. எங்கை நிறைஞ்சிருக்கு?"

குணலட்சுமி பிளொப்பியின் அளவைப் பார்த்தாள். உண்மையிலேயே இடமில்லை. பதினொரு கடிதம் அவ்வளவு இடத்தைப் பிடிக்காது. அவள் கடித மென்பொருளை மூடிவிட்டு, அந்தக் கோப்பைச் சாதாரண எழுத்துக்கோப்பாகத் திறந்தாள். பட்டியல் இல்லை, கட்டம் இல்லை. ஒரே நீளச் சுருள். முதல் நாள் வந்த கடிதம் மேலே, அதன் கீழ் அடுத்தது, அதன் கீழ் அடுத்தது. மாஸ்டர் அழித்தவற்றின் தலையில் ஒரு சிறு குறி மட்டும் கூடுதலாக இருந்தது.

விளங்கியதை அவள் சொன்னாள். மென்பொருள் கடிதங்களை இப்படித்தான் ஒரே கோப்பில் அடுக்கி வைக்கிறது. பட்டியல் என்பது அதைப் பார்த்துத் திரையில் காட்டுவது மட்டும். அழி என்றால் குறி போடும், குறி உள்ளதைக் காட்டாது. வெளியே எறிவதற்கு வேறொரு கட்டளை இருக்கிறது. அதை இரண்டு வருடமாக யாரும் கொடுக்கவில்லை.

கடிதத் தலைப்புகளை எண்ணும்படி கணினிக்குக் கட்டளை கொடுத்தாள். நானூற்று முப்பது. இன்று வந்த பதினொன்று போக நானூற்றுப் பத்தொன்பது.

"கொப்பியிலை எத்தினை, மாஸ்டர்?" என்று பின்னால் ஒருவர் கேட்டார். எண்ணிக்கையை வியாழன்தோறும் பெருமையாக அறிவித்தவர் மாஸ்டர்தான். நாற்பது பேருக்கும் விடை தெரியும். நானூற்றுப் பன்னிரண்டு. ஏழு கடிதங்கள் உரியவர்களிடம் போகவே இல்லை.

"அது கொம்பியூட்டரின்ரை குப்பை. மூடு பிள்ளை" என்றார் மாஸ்டர்.

குணலட்சுமி மூடவில்லை. லூர்த்தம்மாவின் பெயரைத் தேடினாள். தை முப்பதாம் திகதியிட்ட கடிதம் வந்து நின்றது. லூர்த்தம்மாவுக்கு அந்த எழுத்து வாசிக்கத் தெரியாது. குணலட்சுமி உரத்து வாசித்தாள்.

"அம்மா, நான் சுகம். பங்குனி கடைசியிலை வேறை நாட்டுக்கு மாறப்போறன். விலாசம் இன்னும் இல்லை. பங்குனி 25 காலமை பத்து மணிக்குக் கொட்டாஞ்சேனைச் சின்னம்மா வீட்டுக்கு ரெலிபோன் எடுப்பன், நீங்கள் அங்கை நிக்கோணும். நான் தனிய இல்லை, பயப்படாதேங்கோ."

அவள் நிறுத்தினாள்.

"இன்னும் ரண்டு வரி கிடக்குது, பிள்ளை" என்றார் திரைக்குக் கிட்ட நின்ற ஏரம்பு.

"சண்டிலிப்பாய் மாஸ்டரின்ரை மகன் குகநேசனும் நானும் ஒரு அறையிலைதான் இருக்கிறம். ஒரு றெஸ்ரோறன்ரிலை ரண்டு பேரும் சட்டி கழுவுறம்."

குகநேசன் ஒஸ்லோவில் எஞ்சினியருக்குப் படிக்கிறான் என்பது சண்டிலிப்பாய் முழுவதும் அறிந்த செய்தி. அறிவித்தவர் மாஸ்டர். தன் ஊர் சாதியில் குறைவாகப் பார்க்கும் குருநகர்க் கடலோடிப் பெடியனோடு ஒரே அறை என்பதை அவர் யாருக்கும் அறிவிக்கவில்லை. சனத்தில் யாரோ சிரிப்பை இருமலாக்கினார்.

லூர்த்தம்மா முன்னுக்கு வந்தாள்.

"நோர்வேயிலை ஆரின்ரை சட்டி எண்டு பாத்தோ, மாஸ்டர், கழுவுறாங்கள்? அதுக்கு என்ரை கடிதத்தை ஏன் அழிச்சனீங்கள்?"

"கை தவறிப் போச்சு."

"கை தவறினால் வாய் சொல்லியிருக்கும். நான் அஞ்சு வியாழன் வந்தனான்."

இருபத்தைந்தாம் திகதிக்குப் பதினாறு நாள் இருந்தது. கொட்டாஞ்சேனை இருக்கும் கொழும்புக்குப் போக இயக்கத்திடம் பாஸ் எடுக்கவேண்டும், திரும்பி வருவாள் என்று பிணை நிற்க ஆள் வேண்டும். மறுநாள் காலை எட்டு மணிக்குப் பாஸ் வரிசையில் பிணையாளியாகத் தனக்குப் பின்னால் வந்து நிற்கும்படி லூர்த்தம்மா சொன்னாள். எட்டுக்குப் பத்து நிமிடம் இருக்கவே மாஸ்டர் வந்து நின்றார்.

விண்ணப்பத்தை அவரே எழுதினார். பயணத்தின் காரணம் என்ற இடத்தில் 'அன்புப் புதல்வனின்' என்று தொடங்கியபோது, கூட வந்திருந்த குணலட்சுமி அதைப் படித்துக் காட்டினாள். வெட்டச் சொன்னாள் லூர்த்தம்மா. 'மகனோடு ரெலிபோனில் கதைக்க' என்று எழுதுவித்தாள். பிணையாளியின் தொழில் என்ற இடத்தில் மாஸ்டர் 'கணினி நிபுணர்' என்று நிரப்பினார். அதை யாரும் வெட்டவில்லை.

அடுத்த வியாழன் குணலட்சுமி கோப்பைப் பட்டியல் இல்லாமலே திறந்தாள். மீதி ஆறு கடிதங்களும் உரியவர்களுக்குப் போயின. அவற்றில் மூன்று, மாஸ்டர் எழுதித் தருவதில் தாங்கள் சொல்லாததெல்லாம் இருக்கிறது என்று பிள்ளைகள் வீட்டுக்கு எழுதியவை.

லூர்த்தம்மாவுக்குப் பங்குனி இருபதாம் திகதி பாஸ் கிடைத்தது. இருபத்திரண்டாம் திகதி கிளாலியில் படகு ஏறினாள். இருபத்தைந்தாம் திகதி காலை பத்து மணி ஐந்து நிமிடத்துக்குக் கொட்டாஞ்சேனையில் அவள் பக்கத்தில் இருந்த தொலைபேசி அடித்தது.